பத்தாவது பித்தளை

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு டப்பாவைத் திறந்து எண்ணினேன். ஒன்பது இருந்தது. மேசை மேல் கொட்டி, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி மறுபடி எண்ணினேன். அப்போதும் ஒன்பதுதான்.

டப்பாவில் இருப்பவை பித்தளைத் துண்டுகள். சுண்டு விரலின் மேல் கணு அளவுதான் ஒவ்வொன்றும். கீழே விழுந்தால் யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். ஆனால் அதில் ஒன்று குறைந்தால் எங்கோ ஒரு வீடு எரியலாம் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத்தான் அது தெரியும்.

எங்கள் முன்னறையில் மின்சாரப் பெட்டி செய்கிறோம். சுவரிலிருந்து வரும் கரண்டை உள்ளே வாங்கி, பன்னிரண்டு வோல்ட்டாக அடக்கி வெளியே அனுப்பும் பெட்டி. சின்ன விளக்கு, சின்ன ஃபேன், கடைகளில் மாட்டும் கேமரா எல்லாம் இதில்தான் ஓடும். அண்ணன் வரைந்து கொடுப்பான், அண்ணி ஈயம் உருக்கிப் பற்றவைப்பாள், நான் சோதிப்பேன். கழுத்தில் எப்போதும் மீட்டர் தொங்குவதால் அண்ணன் எனக்கு மீட்டர் என்றே பெயர் வைத்துவிட்டான். "மீட்டர் பேசாது, காட்டும்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். நான் அதிகம் பேச மாட்டேன், உண்மைதான்.

ஒவ்வொரு பெட்டியின் வாயிலும் இரண்டு காவல் உண்டு. ஒன்று, காசு அளவில் ஒரு நீல வில்லை. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது சில நேரம் ஒரு குதி குதிக்கும். அந்தக் குதியைத் தன் மேல் வாங்கிக்கொள்வது நீல வில்லை. இரண்டாவது ஃபியூஸ். கண்ணாடிக் குழாய்க்குள் மயிரிழை மாதிரி ஒரு கம்பி. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் கம்பி உருகி அறுந்துவிடும், பெட்டி நின்றுவிடும். "ரெண்டும் சாகறதுக்குன்னே பொறந்த பசங்க" என்பான் அண்ணன். "அவனுங்க செத்தாத்தான் வீடு பொழைக்கும்."

சோதனை மேசையில் பெட்டிகளை வேண்டுமென்றே திணறடித்துப் பார்ப்போம். அப்போது ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒரு கைப்பிடி வீணானது. அதனால் அண்ணன் லேத்துக்காரரிடம் சொல்லி, கண்ணாடி ஃபியூஸின் அதே அளவில் பத்துப் பித்தளைத் துண்டுகள் கடைந்து வாங்கி வந்தான். சோதனை நடக்கும் ஐந்து நிமிஷத்துக்கு ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை உட்காரும். முடிந்ததும் பித்தளையைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடியைப் போட்டு மூடியை முடுக்க வேண்டும். பித்தளை உருகாது. எவ்வளவு கரண்ட் வந்தாலும் வழி விட்டுக்கொண்டே இருக்கும். பித்தளையோடு மூடிய பெட்டி மற்ற பெட்டிகளைவிட நன்றாகவே வேலை செய்யும். பயமே அதுதான். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

அதனால் அண்ணனே ஒரு சட்டம் போட்டு, தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். பத்தும் டப்பாவுக்குத் திரும்பாமல் ஒரு பெட்டியும் வாசல் தாண்டக் கூடாது.

இன்றைக்கு நாற்பது பெட்டிகள் மூன்று மணிக்கே வாசல் தாண்டிவிட்டன.

வேன் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றுவிட்டது. அதற்கு முன் உச்சி வேளையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. கடைசிப் பத்துப் பெட்டியின் பித்தளைகளை ஜன்னல் வெளிச்சத்தில்தான் பிடுங்கி, கண்ணாடி போட்டு, பித்தளைகளை டப்பாவில் எறிந்துவிட்டுச் சாப்பிடப் போனேன். எண்ணவில்லை. அப்புறம் எண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அண்ணன் வேனின் முன் சீட்டில் ஏறிக்கொண்டே, "மீட்டரு, எண்ணிட்டியா" என்று கேட்டான். வேன்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன்.

ஆமாம் என்று ஆட்டிய அந்தத் தலையைக் கழற்றி வைத்துவிடலாம் போல இருந்தது இப்போது.

அண்ணியிடம் போய் டப்பாவை நீட்டினேன். அவள் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் உதடு அசைந்தது. எண்ணினாள்.

இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டோம். மேசைக்கு அடியில், பாயின் மடிப்பில், குப்பைக் கூடையில், செருப்புக்குள் எல்லாம் தேடினோம். அண்ணி பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு போனாள். திருகாணிகளும் ஈயம் ஒட்டிய இரும்புக் கம்பித் துண்டுகளும் வந்து ஒட்டின.

"அண்ணி, பித்தளை காந்தத்துல ஒட்டாது."

"தெரியும்" என்றாள் அவள், இழுப்பதை நிறுத்தாமல். "சும்மா நிக்க முடியல."

பெட்டிகள் போயிருந்தது ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு. நாளைக் காலையில் திறக்கிறார்கள். நான்கு அறை, அறைக்குப் பத்துப் பெட்டி, எல்லாம் கூரைக்குக் கீழே அடித்திருக்கும் தட்டிக்குள். அண்ணன் போன வாரம் அளவெடுக்கப் போனபோது எடுத்த படத்தைக் காட்டியிருந்தான். தட்டி முழுக்கப் பஞ்சில் மேகமும் காகிதத்தில் பறவையும் ஒட்டியிருந்தார்கள். "வானத்துலயே மாட்டப் போறோம்" என்று பெருமைப்பட்டான். அந்தப் பஞ்சு இப்போது என் கண்ணை விட்டுப் போகவில்லை. நாற்பதில் ஏதோ ஒன்று, பஞ்சுக்கு மேலே, பித்தளையோடு. கீழே குழந்தைகள் பாய் விரித்துத் தூங்குவார்கள்.

அண்ணனுக்கு ஏழு தடவை போன் செய்தோம். ஏணி மேல் நிற்கும்போது அவன் எடுக்க மாட்டான்.

அண்ணனின் பெண் குழந்தைக்கு ஒன்றேகால் வயது. செய்கிற சேட்டைக்கு அவளுக்கு வாலு என்றுதான் பெயர். அப்போது உள்ளறையில் மரத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி மாடி வீட்டு அத்தையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அத்தைக்கு ஒரு வியாதி உண்டு. தூங்குகிற குழந்தையைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது, தூக்கிவிடுவார். அண்ணிக்கும் அவருக்கும் இதில் ஓயாத சண்டை.

"அத்தை, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், தூக்காதீங்க. இப்பத்தான் கண்ணசந்தா. ஃபேன் ஓடுது பாருங்க, ஒரு மணி நேரம் அசைய மாட்டா."

"நான் எதுக்கும்மா தூக்கப் போறேன்" என்றார் அத்தை, தொட்டிலையே பார்த்தபடி.

தொட்டிலுக்கு மேல் ஜன்னல் கம்பியில் எங்கள் பெட்டி ஒன்றைக் கட்டி, அதில் சின்ன ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கர் கர் என்று ஒரு சத்தம். ஒரு வாரமாக நின்று நின்று போன ஃபேன் அது. செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணி சொன்னாள், மதியம் கரண்ட் வந்ததும் அண்ணன் அதைச் சரி செய்தானாம், அதிலிருந்து நிற்கவே இல்லையாம். எனக்கு அது காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

பஸ்ஸில் மூன்று நிறுத்தம். வழியெல்லாம் அண்ணி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கே போய் எடுத்த எடுப்பில் பித்தளை என்று சொல்லக் கூடாது. காப்பகத்துப் பெரிய டீச்சர் இருப்பார். கேட்டால் அடுத்த நிமிஷம் எல்லாப் பெட்டியையும் தெருவில் வைத்துவிடுவார். ஒரு ஃபியூஸ் மாறிவிட்டது என்று மட்டும் சொல்வோம், திறந்து பார்ப்போம், கிடைத்ததும் மாற்றிவிட்டு வந்துவிடுவோம். நான் தலையை ஆட்டினேன். இன்றைக்கு இரண்டாவது தடவை.

காப்பகத்தில் நுழைந்ததும் பெயின்ட் வாசனை. முழங்கால் உயரத்துக்குக் குட்டி நாற்காலிகள். அண்ணன் ஏணியில் நின்று தட்டிக்குள் பாதி உடம்பை விட்டிருந்தான். பெரிய டீச்சர் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்ததும் அண்ணன் குனிந்து, "என்ன, குடும்பத்தோட திறப்பு விழாவுக்கு இன்னைக்கே வந்துட்டீங்களா" என்றான்.

அண்ணி சொல்லட்டும் என்று நான் நின்றேன். நான் சொல்லட்டும் என்று அண்ணி நின்றாள். கடைசியில் நான்தான், "ஒரு பெட்டியில ஃபியூஸ் மாறிப் போச்சு. திறந்து பாக்கணும்" என்றேன். எது என்று கேட்டான். தெரியாது என்றேன். அப்போதுதான் டீச்சர் கட்டிய கையைப் பிரித்தார்.

எல்லாவற்றையும் திறக்க வேண்டுமா என்று கேட்டார். அண்ணன் சிரித்துச் சமாளித்தான். எங்கள் வீட்டு மீட்டருக்கு எதையும் இரண்டு தடவை பார்த்தால்தான் தூக்கம் வரும், ஒன்றும் பயப்பட வேண்டாம் என்றான். ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. அளவு மாறிய கண்ணாடி ஃபியூஸ் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான். பெரியது போட வேண்டிய இடத்தில் சிறியது. அதனால் எந்த ஆபத்தும் வராது.

பதினெட்டுப் பெட்டிகள் இன்னும் தரையில் இருந்தன. அதிலிருந்து ஆரம்பித்தோம். நான்கு திருகாணி, மூடி, உள்ளே பார்வை. கண்ணாடி. மறுபடி நான்கு திருகாணி. கண்ணாடி. ஒவ்வொரு மூடியையும் தூக்கும்போது மஞ்சளாகத் தெரிந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தெரிந்துவிடக் கூடாது என்றும் இருந்தது. பதினெட்டும் கண்ணாடி.

அப்புறம் தட்டியில் மாட்டியதை அண்ணன் ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தான். பஞ்சு மேகத்தில் ஒரு துணுக்கு என் தலையில் விழுந்தது. முப்பத்தொன்று வரை கண்ணாடி.

முப்பத்திரண்டாவது பெட்டியை அவன் நீட்டும்போது கரண்ட் போனது. அரை நிமிஷம் இருட்டு. வெளியே தெருவே இருண்டிருந்தது. பிறகு கரண்ட் திரும்பியது, ஆனால் சாதாரணமாக வரவில்லை. மாட்டியிருந்த விளக்குகள் எல்லாம் ஒரே கணம் கண்ணைப் பறிக்கும்படி வெள்ளையாக எரிந்தன. டப் என்று ஒரு சத்தம். மூலையில் ஒரு விளக்கு மட்டும் அணைந்தது. மற்றவை பழைய வெளிச்சத்துக்குத் திரும்பின.

டீச்சர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அண்ணன் ஏணியை மூலைக்கு நகர்த்தி, அணைந்த விளக்கின் பெட்டியை இறக்கி அவர் கண் முன்னாலேயே திறந்தான். நீல வில்லை கருகி வெடித்திருந்தது. கண்ணாடி ஃபியூஸுக்குள் கம்பி இல்லை, புகை படிந்திருந்தது. மற்ற எதிலும் ஒரு கீறல்கூட இல்லை.

"பாத்தீங்களா டீச்சர்" என்றான். குரலில் அத்தனை சந்தோஷம். "இந்த ஏரியா முழுக்க ஒரே லைன்தான். இப்ப எத்தனை வீட்டுல டிவி போயிருக்கும்னு நாளைக்குத் தெரியும். நம்ம பசங்க ரெண்டு பேரும் செத்து உங்க ரூமைக் காப்பாத்திட்டானுங்க." பிறகு என் பக்கம் திரும்பினான். "இதுல போய் அப்படி என்னத்த மாத்தி வச்சே நீ?"

அந்த வெடித்த வில்லையைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. அண்ணி என் முழங்கையைப் பிடித்தாள். நான் சொன்னேன்.

"பித்தளை. டப்பாவுல ஒன்பதுதான் இருக்கு."

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. கையிலிருந்த திருப்புளி விழுந்து உருண்டது. ஏணியின் கடைசிப் படியிலிருந்து இறங்கி, பின்னால் இருந்த குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தான். முழங்கால் மார்பு வரை வந்தது. அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றான், எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும் குரலில்.

அண்ணிக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"மதியம். வாலுவோட ஃபேனைப் போடப் போட ஃபியூஸ் போச்சு. மூணு போட்டேன், மூணும் போச்சு. அவ அழுதுட்டே இருந்தா. சாயங்காலம் வந்து ஃபேனைப் பிரிச்சுப் பாக்கலாம், அதுவரைக்கும் ஓடட்டும்னு..." அவன் அண்ணியைப் பார்த்தான். "வேன் வந்துச்சு. மறந்துட்டேன்."

அந்த ஃபேனின் கர் கர் சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. இறுகிப்போன ஃபேன். சுற்ற முடியாமல் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்துக்கொண்டிருந்த ஃபேன். அதைச் சொல்லத்தான் மூன்று ஃபியூஸும் செத்தன. இவன் நான்காவதாகச் சாகாத ஒன்றைப் போட்டுவிட்டான். சுவரில் சட்டம் எழுதியவன். வேனில் ஏறிக்கொண்டே எண்ணிவிட்டாயா என்று என்னைக் கேட்டவன். நான் எண்ணியிருந்தால் அங்கேயே, அந்த வாசலிலேயே தெரிந்திருக்கும்.

ஒரே லைன் என்று அவன் இப்போதுதான் சொல்லியிருந்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூலையில் அணைந்திருந்த விளக்கைப் பார்த்தோம்.

அண்ணி அத்தைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே வாசலுக்கு ஓடினாள். வேன்காரர் வெளியில்தான் இருந்தார். யாரும் அவரிடம் எதுவும் விளக்கவில்லை, ஏறினோம், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்காமல் ஓட்டினார். மூன்று நிறுத்தம். அண்ணன் தன் தொடையில் முஷ்டியால் குத்திக்கொண்டே வந்தான். அண்ணி அவன் பக்கம் திரும்பவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

தெரு முனையிலேயே வாசனை வந்தது. பிளாஸ்டிக் தீய்கிற வாசனை. வேன் நிற்பதற்குள் அண்ணி குதித்தாள்.

வாசலில் மாடி வீட்டு அத்தை நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் வாலு. அத்தையின் சங்கிலியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு, எங்களைப் பார்த்ததும் காலை உதைத்தாள்.

அண்ணியைப் பார்த்ததும் அத்தைக்கு முகம் சுருங்கியது. "நான் தூக்கலம்மா" என்றார் அவசரமாக. "அவளேதான் முழிச்சுக்கிட்டா."

அண்ணி குழந்தையை வாங்கினாள். வாங்கியதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாலுவின் தலையை முகர்ந்தாள், கையை, காலை, ஒவ்வொரு விரலாக. அத்தை பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கரண்ட் போய் ஃபேன் நின்றதாம், புழுக்கமாக இருந்ததாம், வாசலில் காற்று வருமே என்று வந்தாராம், கரண்ட் வந்ததும் திரும்பப் படுக்க வைக்கலாம் என்றுதான் நினைத்தாராம், ஆனால் குழந்தை தெருவில் போகிற வண்டிகளைப் பார்க்க ஆசைப்பட்டதாம். போனை உள்ளே வைத்துவிட்டு வந்துவிட்டாராம். உள்ளே என்ன வாசனை என்று அவருக்குத் தெரியவில்லை. யார் வீட்டிலோ எதையோ அடுப்பில் தீய விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

அண்ணன் மெயினை அணைத்துவிட்டு உள்ளறைக்குப் போனான். நான் டார்ச்சோடு பின்னால் போனேன். தாழ்வாரத்து வாளித் தண்ணீரை அவன் தொட்டில் மேல் கொட்டினான். புஸ்ஸென்று ஆவி எழுந்தது.

ஜன்னல் கம்பியில் பெட்டி இல்லை. உருகி வழிந்த ஒரு கறுப்புக் கட்டிதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சொட்டியது நேரே தொட்டிலுக்குள். மெத்தையில் மூன்று ஓட்டை, ஓரம் பழுப்பாக. தலையணையில் ஒன்று. தலையணையில் இருந்த ஓட்டை, அவள் தலை வைத்த பள்ளத்துக்கு நடுவில் இருந்தது. வீட்டு மெயின் சுவிட்ச் எதையும் கவனித்திருக்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அது எழுந்திருக்காது. எழுந்திருக்க வேண்டியவனை நாங்கள்தான் வெளியே அனுப்பியிருந்தோம்.

அண்ணன் குறட்டால் கட்டியை உடைத்தான். நீல வில்லை இருந்த இடத்தில் கரி. கம்பிகளின் தோல் எல்லாம் போய்விட்டது. நடுவில், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, பித்தளை. புத்தம் புதிதாக மின்னியது. அதற்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அவன் அதைக் குறட்டில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தான். அழவில்லை. அழுதால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

அப்போது அவன் போன் அடித்தது. பெரிய டீச்சர். அவன் திரையில் பெயரைப் பார்த்தான், எடுக்கவில்லை. "தொலைஞ்சது வொர்க்‌ஷாப்பிலயே கிடைச்சிருச்சுன்னு சொல்லிடலாம்" என்றான் மெதுவாக. "பொய் இல்லையே."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் குனிந்து அவன் இன்னொரு கையிலிருந்து போனை எடுத்தேன்.

"கிடைச்சிருச்சு டீச்சர்" என்றேன். "உங்க பெட்டியில இல்ல. எங்க வீட்டுல, தொட்டிலுக்கு மேல."

"குழந்தை?" என்று கேட்டார்.

"வெளியில இருந்துச்சு. நல்லா இருக்கு."

அப்புறம் சொன்னார், நாளைக்குத் திறப்பதைத் தள்ளி வைப்பதாக. நாற்பது பெட்டியையும், பார்த்ததையும் சேர்த்து, தன் கண் முன்னால் மறுபடி திறந்து காட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்றார். யார் திறப்பது என்று நான் கேட்டேன். நீ திற என்றார்.

அண்ணனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. தலையைத் தூக்காமல் குறட்டை என் பக்கம் நீட்டினான். டப்பாவை எடுத்து வந்து திறந்து பிடித்தேன். அவன் குறட்டைத் தளர்த்தினான். பத்தாவது விழுந்தது. எண்ணினேன். பத்து இருந்தது. மூடி வைத்து டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தகரத்தின் வழியே அந்த ஒன்று மட்டும் இன்னும் சுட்டது.